பிஸ்கட்டுக்கு ஒத்துக்கொண்டது

நாய் சொறிவதை நிறுத்தி மூன்று நாள் ஆகியிருந்தது.

நல்ல செய்திதான். இரண்டு வருடமாக அந்த வீட்டில் கடிகாரத்தைவிட ஓயாமல் ஒலித்த சத்தம் பிஸ்கட் தன்னைச் சொறிந்துகொள்ளும் சத்தம்தான். பின்னங்கால் தரையில் தட்தட்டென்று மோதும், கழுத்துப் பட்டையின் வளையம் கிலுகிலுக்கும், பிறகு பாதத்தை வாயில் வைத்து நக்கி நக்கிச் சப்புகிற ஈரமான ஓசை அரைமணி நேரம் தொடரும். சர்வேயருக்கு அது மனப்பாடம். படுக்கையில் விழுந்த இந்தப் பத்து மாதத்தில் கண்ணுக்குக் கிடைத்தது கூரை மட்டும்தான். வீட்டில் நடக்கும் மற்ற எல்லாமே அவருக்குக் காது வழியாகத்தான் வந்தது.

இப்போது அந்தச் சத்தம் இல்லை. அது இருந்த இடத்தில் ஓர் ஓட்டை விழுந்தது போலிருந்தது. அந்த ஓட்டை வழியாக, இதுவரை கேட்காத வேறு சத்தங்கள் உள்ளே வரத் தொடங்கின.

கழுத்தெலும்பு முறிந்ததில் தோளுக்குக் கீழே அவருக்கு எதுவும் இல்லை. கை இருந்தது, கால் இருந்தது, தொட்டால் தெரியாது, அசைக்க வராது. தொண்டையில் துளை போட்டு ஒரு குழாய் செருகியிருந்தார்கள். மூச்சு அதன் வழியே உஸ்ஸென்று போய் வந்தது, குரல் போனது போனதுதான். தலையை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பலாம். கண்ணை இமைக்கலாம். உதட்டை அசைக்கலாம். ஐம்பத்தெட்டு வயதில், ஊரெல்லாம் சங்கிலி பிடித்து நிலம் அளந்த மனிதருக்கு மிச்சம் இருந்தது அவ்வளவுதான்.

இடுப்புக்குக் கீழே வளைந்த கம்பிகளால் ஆன ஒரு சட்டம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. போர்வையின் பாரம் காலில் அழுத்திப் புண்ணாகிவிடக் கூடாது என்பதற்காக. அதன்மேல் போர்வை ஒரு சின்னக் கூடாரம்போல நிற்கும். கண்ணைத் தாழ்த்தினால் அவருக்குத் தெரிவது அந்தக் கூடாரத்தின் உச்சி மட்டும். காலையிலும் அதே உச்சி, மாலையிலும் அதே உச்சி.

அவர் மனைவி இருபத்துமூன்று வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்தவள். சுத்தம் என்றால் அவள்தான். படுக்கையில் கிடப்பவர்களுக்கு முதுகில் வரும் புண் அவருக்கு ஒன்றுகூட வரவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடுவாள், குழாயைத் துடைப்பாள், முகம் மழித்துவிடுவாள். "அண்ணி மாதிரி யாரும் பாத்துக்க மாட்டாங்கண்ணா. குடுத்து வெச்சவரு நீங்க," என்று தம்பி போனில் சொல்வான். அவள் போனை அவர் காதோடு சேர்த்துப் பிடித்திருப்பாள். அவன் நேரில் வருகிறேன் என்று சொன்னால் மட்டும், "இன்னும் ரெண்டு மாசம் போகட்டும் தம்பி. வெளியாளு வந்தா கிருமி தொத்திக்கும்," என்பாள்.

அந்த நாய்க்குப் பிஸ்கட் என்று பெயர் வைத்ததே சர்வேயர்தான், கேலிக்கு. அது பிஸ்கட் சாப்பிட்டால் வயிறெல்லாம் தடிப்பு வரும். கோதுமை ஆகாது. கோழி ஆகாது. முட்டை, பால், மாட்டிறைச்சி எதுவும் ஆகாது. மீன் கொடுத்தால் காது சிவந்து உள்ளே சீழ் கட்டும். ஆட்டிறைச்சி கொஞ்ச நாள் ஒத்துக்கொண்டது, பிறகு அதுவும் இல்லை. வயிற்றிலும் அக்குளிலும் முடி கொட்டி, தோல் யானைத்தோல் மாதிரி கறுத்துத் தடித்து, பக்கத்தில் வந்தாலே புளித்த வாடை அடிக்கும். அவள் அதைத் தங்கம் என்று கூப்பிடுவாள். மடியில் போட்டுக்கொண்டு களிம்பு தடவுவாள்.

அதற்கு முன்னால் மூத்தது ஒன்று இருந்தது. அதற்குச் சிறுநீரகக் கோளாறு. உப்பில்லாமல், அளந்து அளந்து, அவள் தனியாகச் சமைத்துப் போடுவாள். "நாய்க்குப் பத்தியம் பாக்கற ஒரே வீடு நம்ம வீடுதான்," என்று அவர் வந்தவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். ஒருநாள் டிவி பார்த்துக்கொண்டே ஒரு கொத்துத் திராட்சையை ஒவ்வொன்றாக அதன் வாயில் எறிந்தார். எவ்வளவு அழகாகப் பிடித்தது! திராட்சை நாயின் சிறுநீரகத்துக்கு விஷம் என்று அவள் நூறு தடவை சொல்லியிருந்தாள். ஒரு திராட்சைக்கு என்ன ஆகிவிடப் போகிறது? நான்கு நாளில் போய்ச் சேர்ந்தது. கடைசி நாள் அது ஊளையிட்டபோது அவர் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

பிஸ்கட் விஷயத்தில் அவர் அப்படி ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. நாய்களுக்கான கிளினிக்கில் அவளுக்கு ஒரு வழிமுறை சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒரே ஓர் இறைச்சி, ஒரே ஒரு கிழங்கு, எட்டு வாரம். வேறு ஒரு துளி உள்ளே போகக் கூடாது. நமைச்சல் அடங்கினால் அதுதான் அதற்கான உணவு. முதலில் முயல் கொடுத்தாள். பிறகு வாத்து. பிறகு கிளினிக்கிலிருந்து வந்த உலர் தீனி. மூன்று தடவையும் ஐந்தாம் வாரம் வரை நன்றாகப் போகும். ஆறாம் வாரம் நாய் மறுபடி ரத்தம் வரச் சொறியும். அவள் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, எங்கே தப்பு நடந்தது என்று வரிவரியாகத் தேடுவாள். அவள் அப்படிக் குழம்பி உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பதில் சர்வேயருக்கு ஒரு சின்னச் சந்தோஷம். சாப்பாட்டு மேசைக்கு அடியில் கோழித்தோலைப் போட்டது அவர்தான்.

மூன்றாவது தடவை அவள் நாயின் வாயை முகர்ந்து பார்த்தாள். பிறகு எழுந்து வந்து அவர் விரல்களை முகர்ந்து பார்த்தாள்.

"சரி," என்றாள். அவ்வளவுதான்.

அடுத்த வாரம் பரணில் இருந்த பெட்டியை எடுத்துத் தரச் சொன்னாள். ஏணியை அவள்தான் பிடித்திருந்தாள். அதைப் பற்றி அவர் நினைப்பதில்லை. நினைத்தால் குழாயில் மூச்சு அடைத்துக்கொள்ளும்.

இப்போதைய உணவு தொடங்கி ஆறு வாரம் ஆகியிருந்தது. அது தொடங்கிய நாள் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அவள் கூடத்தில் உட்கார்ந்து, போனை ஸ்பீக்கரில் போட்டுக் கிளினிக் பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தாள். நாய்களுக்கும் பூனைகளுக்கும் உணவுத் திட்டம் போட்டுத் தருகிற பெண். சின்ன வயதுக் குரல், எதைச் சொன்னாலும் சிரிப்போடு சொல்லும்.

"இதுவரைக்கும் அது வாயிலயே வெச்சிருக்காத இறைச்சியா இருக்கணும் ஆன்ட்டி. உடம்புக்கு முன்னபின்ன தெரியாததா. தெரியாத ஒண்ணோட உடம்பு சண்டை போடாது."

"வாயிலயே வெச்சிருக்காததா..."

"ஆமா. அது கிடைக்கறதுதான் கஷ்டம். தொடர்ந்து கிடைக்கணும் வேற."

"யோசிக்கறேன்மா."

அதன்பின் போனை மேசைமேல் வைக்கிற சத்தம். நாற்காலி நகரவில்லை. பிறகு செருப்புச் சத்தம் மெதுவாக வந்து அவர் அறை வாசலில் நின்றது. அவள் உள்ளே வரவில்லை. நின்றாள். கொஞ்சநேரம் கழித்துப் போனாள்.

இரண்டு நாள் கழித்து ஒரு பார்சல் வந்தது. பிரித்தபோது உலோகம் உலோகத்தோடு மோதுகிற, மெல்லிய, சுத்தமான ஓசை. ஸ்பிரிட் வாடை. பிரஷர் குக்கரில் எதையோ வெறும் தண்ணீரில் வேகவைக்கிற சத்தம். மண்ணெண்ணெயும் இல்லாமல் மருந்தும் இல்லாமல் இடையில் ஏதோ ஒரு நெடி. அவருக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

"சளி கட்டாம இருக்க ஒரு ஊசி," என்றாள். செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் காலையில் போடுவாள். போட்டதும் கூரை மெதுவாக விலகிப் போகும். விழிக்கும்போது மதியமாகியிருக்கும். நாக்கு வறண்டிருக்கும். காதுக்குள் இதயம் வேகவேகமாக அடிக்கும். அறையில் அயோடின் வாடை, அதற்கு அடியில் முடி பொசுங்கியது போன்ற ஒரு வாடை.

அப்புறம் சமையலறையிலிருந்து அந்த மணம் வரும்.

ஆடு இல்லை. கோழி இல்லை. வேகும் சர்க்கரைவள்ளிக்கிழங்கின் இனிப்போடு கலந்து, கொஞ்சம் பன்றி இறைச்சி மாதிரி, ஆனால் அதுவும் இல்லாமல், கொழுப்பு உருகுகிற ஒரு மணம். முதல் நாள் அவருக்கு வாயில் எச்சில் ஊறியது. வயிற்றுக் குழாய் வழியே கஞ்சி போகிற மனிதருக்கு எந்த மணமும் விருந்துதான். சமையலறைத் தரையில் பிஸ்கட்டின் நகங்கள் டக்டக்கென்று குதித்தன. தட்டைச் சுவர்வரை தள்ளிக்கொண்டே போய் நக்கியது. தட்டு காலியான பிறகும் நக்கியது.

"மான்," என்று போனில் சொன்னாள். "தெரிஞ்சவர் ஒருத்தர் பண்ணை வெச்சிருக்காரு. சின்னச் சின்னத் துண்டா தர்றாரு. ஆமாம்மா, அது ஒண்ணுதான். வேற ஒரு துளி குடுக்கல. இந்தத் தடவை யாரும் குடுக்க முடியாது."

முதலில் நாயின் காது வீக்கம் வற்றியது. பிறகு வாடை போனது. பிறகு சொறிவது நின்றது.

அந்த வாரத்தில்தான் அவர் இன்னொன்றைக் கவனித்தார். முன்பெல்லாம் அவரைப் புரட்ட அவள் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். ஒரு காலைக் கட்டில் சட்டத்தில் முட்டுக்கொடுத்து, 'ஹம்' என்று முனகி, இரண்டு கையாலும் தள்ளுவாள். கட்டில் கிறீச்சிடும். அவர் நல்ல கனமான ஆள். அன்று அவள் தோளில் போனை இடுக்கிக்கொண்டு பேசியபடியே, ஒரு கையால் அவரைப் புரட்டினாள்.

கட்டில் கிறீச்சிடவில்லை.

மெலிந்துவிட்டேன், என்று நினைத்தார். படுத்துக் கிடந்தால் சதை வற்றும். டாக்டர் சொல்லியிருக்கிறார். கஞ்சி என்ன பெரிய சாப்பாடா? மெலியத்தான் செய்யும்.

அவ்வளவா?

பிஸ்கட் முன்பு அவர் அறைக்கு வராது. இப்போது வந்தது. காலையில் வந்து கட்டிலின் கால்மாட்டில் உட்காரும். தலையை ஓரமாகத் திருப்பி, கண்ணை ஒருக்களித்தால், அதன் நெற்றியும் காதுகளும் தெரியும். அவரைப் பார்க்காது. கூடாரத்தைப் பார்க்கும். தின்பண்டத்துக்காக உட்காரக் கற்றுக்கொடுத்த நாய் எப்படி உட்காருமோ அப்படி, முதுகை நிமிர்த்தி, அடக்கமாக, மணிக்கணக்காக. அவ்வப்போது நாக்கைச் சுழற்றி மூக்கை நக்கிக்கொள்ளும்.

புதன்கிழமை, அவள் முகம் துடைக்க வந்தபோது, அவர் உதட்டை அசைத்தார். மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக. காட்டு.

"எதைங்க?"

கால்.

அவள் துண்டைப் பிழிந்தாள். தண்ணீர் பேசினில் விழுகிற சத்தம். நெற்றியைத் துடைத்தாள், கண் ஓரங்களைத் துடைத்தாள், காதுக்குப் பின்னால் துடைத்தாள். அங்கெல்லாம் அவருக்கு உணர்ச்சி உண்டு. துண்டு இதமான சூட்டில் இருந்தது.

"கால் என்ன, எழுந்து ஓடியா போயிடும்?" என்றாள். சிரிக்கவில்லை.

முன்பு ஓர் எழுத்துப் பலகை இருந்தது. அவள் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுக்கொண்டு வர, அவர் இமைப்பார். அப்படித்தான் தண்ணீர் கேட்பார், மின்விசிறியைப் போடச் சொல்வார். அன்று மாலை அலமாரி திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு பலகையை அவர் பார்க்கவில்லை.

எட்டாவது வாரம் முடிகிற அன்று கிளினிக் பெண் நேரிலேயே வந்தாள். வாசலில் அவள் குரல் கேட்டதும் சர்வேயரின் காதுக்குள் ரத்தம் இரைந்தது. வெளியாள். பத்து மாதத்தில் முதல் வெளியாள். நாய் அவர் அறையில் இருந்ததால் அவள் இங்கேதான் வர வேண்டும். வருவாள். வந்தாள்.

"அய்யோ, இது பிஸ்கட்டா? நம்பவே முடியல ஆன்ட்டி! முடியப் பாருங்க, பட்டு மாதிரி!" அவள் தரையில் மண்டியிட்டு அதன் வயிற்றைத் தடவினாள், காதை மடித்து உள்ளே டார்ச் அடித்தாள், பாதங்களை விரித்துப் பார்த்தாள். "ஒரு தடிப்பு இல்ல. கண்ணுல பூளை இல்ல. ரெண்டரை கிலோ ஏறியிருக்கான். என் சர்வீஸ்ல இவ்வளவு சுத்தமா ஒருத்தர் செஞ்சு நான் பாத்ததில்ல. எல்லாரும் நடுவுல ஏதாவது ஒண்ணக் குடுத்துடுவாங்க. பாவம் பாத்துக் குடுத்துடுவாங்க."

"ஆமாம்மா," என்றாள் மனைவி. "பாவம் பாத்தா ஆகாது."

அந்தப் பெண் எழுந்தாள். அவரைப் பார்த்தாள். சுருட்டை முடி, பெரிய மூக்குக் கண்ணாடி. அவர் இமைத்தார். வேகமாக, விடாமல். கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போனது.

"சார் அழறாரா?"

"சந்தோஷம்மா. பிஸ்கட்டுக்கு குணமாயிடுச்சுன்னு. அவருக்கு அதுமேல உயிரு."

கால். உதடு அசைத்தார். கால். கால். பார். போர்வை. பார்.

அந்தப் பெண் குனிந்தாள். அவள் மூச்சில் ஏலக்காய் மிட்டாய் வாசனை. "ஏதோ சொல்றாரு ஆன்ட்டி. கா... கால்? கால் வலிக்குதா சார்?"

ஆமாம். ஆமாம். இமை. இமை.

"அவருக்குத்தான் அங்க உணர்ச்சியே கிடையாதேம்மா. போர்வை சரியா இருக்கான்னு கேப்பாரு. தினம் இதே கேள்விதான்."

"அவ்வளவுதானே? இருங்க சார், நான் சரி பண்றேன்."

அவள் கால்மாட்டுக்கு நகர்ந்தாள். கை நீண்டது. போர்வையின் ஓரத்தைப் பிடித்தது. சர்வேயருக்கு வாழ்க்கையில் எதற்கும் இப்படி ஆசைப்பட்டதாக நினைவில்லை. தூக்கு. தூக்கு, தாயே.

உர்ர்ர்.

அந்தச் சத்தத்தை அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. நெஞ்சுக்குள்ளிருந்து, கல்லைக் கல்லில் அரைப்பதுபோல. பிஸ்கட் எழுந்து, கட்டிலுக்கும் அவளுக்கும் நடுவில் நின்றது. உதடு மடங்கிப் பல் தெரிந்தது. சோற்றுத் தட்டில் கை வைத்தவர்களைப் பார்த்து நாய் அப்படித்தான் உறுமும்.

அந்தப் பெண் கையை எடுத்துக்கொண்டாள். பிறகு சிரித்தாள்.

"அப்பா! சார்மேல எவ்வளவு பாசம்! யாரையும் தொட விட மாட்டான் போல!"

"ஆமாம்மா. இங்கயே காவல் கிடக்கும்," என்றாள் மனைவி. "வா, காபி போடறேன்."

கூடத்திலிருந்து பேச்சு தெளிவாகக் கேட்டது. அறைக் கதவை அவள் திறந்தே வைத்திருந்தாள்.

"இனிமே வாழ்நாள் பூரா இதையேதான் குடுக்கணும் ஆன்ட்டி. மாத்தவே கூடாது. மான் தொடர்ந்து கிடைக்கும் இல்ல?"

"கொஞ்ச நாளைக்கு இருக்கு. பாத்துப் பாத்துதான் எடுக்கறேன்."

"ஆனா ஒண்ணு. வெறும் சதை மட்டும் குடுத்துட்டே இருந்தா சத்துக் குறைஞ்சிடும். செம்பு, இரும்பு, வைட்டமின் ஏ. அதனால கொஞ்சம் ஈரல் சேர்க்கணும். அதே மிருகத்தோட ஈரலா இருக்கணும், அதான் முக்கியம். வேற ஈரல் குடுத்தா எல்லாம் மறுபடி முதல்ல இருந்து."

கரண்டி டம்ளரில் சுற்றுகிற சத்தம். சுற்றியது. நின்றது.

"எவ்வளவு சேர்க்கணும்மா?"

"நூறு கிராமுக்கு அஞ்சு கிராம் போதும். அதிகம் வேணாம். பண்ணைக்காரர்கிட்ட கேளுங்க, குடுப்பாரு."

"குடுப்பாரு," என்றாள் அவள். "அவருக்கென்ன."

வாசல் கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது. சர்வேயர் கத்தினார். குழாயில் உஸ்ஸென்று காற்று வந்தது.

அவள் டம்ளர்களைக் கழுவினாள். துடைத்து அடுக்கினாள். கையை முழங்கை வரை சோப்புப் போட்டு, நகத்துக்கு அடியில் எல்லாம் பிரஷ்ஷால் தேய்த்து, நீண்ட நேரம் கழுவினாள். அந்தச் சத்தம் முடியவே முடியாது போலிருந்தது. பிறகு சக்கரம் வைத்த டிராலி உருண்டு வந்தது. அதன்மேல் தட்டுகள் சிணுங்கின. பச்சை அங்கி, தலைக்குத் துணிக் குல்லாய். தியேட்டரில் வேலை பார்த்த காலத்தில் எப்படி இருந்தாளோ அப்படியே இருந்தாள். கொஞ்சம் இளமையாகக்கூட.

"வெளிச்சம் போறதுக்குள்ள முடிச்சிடலாம்," என்றாள்.

அவருடைய வலது பக்கத்து ஜன்னலின் கனமான திரையை, இந்தப் பத்து மாதத்தில் ஒருநாளும் திறக்காத திரையை, இழுத்து விலக்கினாள். சாயங்கால வெயில் மஞ்சளாகக் கட்டிலின்மேல் விழுந்தது. கண் கூசியது. தலையை இடது பக்கம் திருப்பினார். அங்கே வெள்ளைச் சுவர்.

போர்வை விலகியது. காற்று அசைந்ததில் தெரிந்தது. பிறகு கம்பிச் சட்டத்தைத் தூக்கித் தரையில் வைக்கிற ஓசை.

சுவரில் ஒரு நிழல் படுத்திருந்தது.

மூக்கு. தாடை. தொண்டைக் குழாயின் சின்ன முனை. ஏறி இறங்குகிற மார்பு. கொஞ்சம் வயிறு.

பிறகு கட்டில்.

வெறும் கட்டில். மெத்தையின் தட்டையான கோடு, எந்த மேடும் இல்லாமல், இரண்டு முழம், மூன்று முழம், கால்மாட்டுக் கம்பி வரை. அளந்தே பழகிய கண். ஏமாற வழியில்லை. தோளுக்குப் பக்கத்தில் கை இருந்திருக்க வேண்டும். அதையும் தேடினார்.

"பாத்துட்டீங்களா?" அவள் குரலில் கோபம் இல்லை. வெற்றி இல்லை. நோயாளியோடு பேசுகிற குரல். "நீங்களே கேட்டீங்க, காட்டுன்னு. ஒண்ணுகூட வீணாக்கல. எலும்பைக்கூட வேக வெச்சு சாறு எடுத்தேன். அதுக்கு அவ்வளவு ஒத்துக்கிச்சு, என்ன செய்யறது சொல்லுங்க."

அவர் கண்ணை மூடினார். திறந்தார். நிழல் அங்கேயே இருந்தது.

"ஈரல்ல ஒரு நல்ல விஷயம் இருக்கு." பஞ்சு ஈரமாகத் தேய்க்கிற சத்தம். அயோடின் வாடை. "ஒரு ஓரமா எடுத்தா மறுபடி வளர்ந்துக்கும். தியேட்டர்ல எத்தனை பாத்திருக்கேன். மூணு மாசத்துல பழையபடி. மறுபடி எடுக்கலாம். மறுபடி வளரும். நீங்க நல்லாத்தான் இருக்கணும், நான் பாத்துக்கறேன். ரொம்ப வருஷம் இருக்கணும்."

ஊசி. ஊசி போடு. உதடு துடித்தது. ஊசி.

அவள் குனிந்து அவர் வாயைப் பார்த்தாள். இந்தத் தடவை ஒரே பார்வையில் படித்துவிட்டாள்.

"எதுக்குங்க? வலிக்கவா போகுது? சும்மா சும்மா மருந்து போட்டா அது ஈரல்லதான் போய்த் தங்கும். தங்கத்துக்கு ஆகாது."

டிராலியிலிருந்து ஏதோ ஒன்றை எடுத்தாள். சின்னது. வெயிலில் அது கூரையில் ஒரு புள்ளி ஒளியை எறிந்தது. அந்தப் புள்ளி கூரையில் நகர்ந்து, இறங்கி, மறைந்தது.

அவர் சுவரைப் பார்த்தார். வேறு எங்கும் பார்க்க முடியவில்லை.

சுவரில் அவள் நிழல் மெதுவாகக் குனிந்தது. அதற்குக் கீழே, முன்னங்கால்களைச் சேர்த்து வைத்து, காதுகளை நிமிர்த்தி, நாயின் நிழல் அடக்கமாக உட்கார்ந்திருந்தது. வால் மட்டும் தரையைப் பெருக்குவதுபோல இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவில், குட்டையாக ஏதோ ஒன்று. அதன் வாய் திறந்தது. மூடியது. அகலமாகத் திறந்தது. திறந்தே இருந்தது.